ஒன்பது என்னும் காவல்காரன்



இந்த மாதக் கணக்குப் பக்கத்துக்கு 9ஐக் கூட்டிக்கிட்டு வந்திருக்கேன். ஓர் எண் 9ஆல் மீதியில்லாமல் வகுபடுமா என்று பார்க்க ஒரு விதி இருக்கு. அதன் இலக்கங்களைக் கூட்டுங்கள். கூட்டுத்தொகை 9ஆல் வகுபட்டால் அந்த எண்ணும் வகுபடும். இது நாம எல்லாரும் படிச்சதுதான். பரீட்சையில் ஒரு மார்க் கேள்வியாக வரும், எழுதிட்டுப் போயிடுவோம். ஆனால் "ஏன் அப்படி?" என்று யாராவது கேட்டால், "புத்தகத்துல போட்டிருக்கு" என்பதுதான் நம்மில் பாதிப் பேர் பதில்!

அந்த "ஏன்" தெரிஞ்சா என்ன லாபம்னு கேட்பீங்க. விதி எந்த இடத்தில் உதவும், எந்த இடத்தில் ஏமாற்றும் என்று இரண்டுமே தெரிந்துவிடும். எங்க தெருவில் ஒருத்தர் மேல விழ இருந்த பழி அந்த "ஏன்" தெரிஞ்சதால விலகிச்சு. அதையும் நடுவில் சொல்றேன். கையில் ஒரு ரஃப் நோட்டும் பென்சிலும் இருந்தால் நல்லது. நின்னுக்கிட்டேதான் படிக்கணும், கொஞ்சம் பொறுத்துக்கோங்க!

1. முதலில் வாய்பாட்டைப் பாருங்கள்

9, 18, 27, 36, 45, 54, 63, 72, 81, 90.

பத்தாம் இடத்து இலக்கம் 1, 2, 3 என்று ஒவ்வொன்றாக ஏறுது. ஒன்றாம் இடத்து இலக்கம் 8, 7, 6 என்று ஒவ்வொன்றாக இறங்குது. ஒன்று ஏற ஒன்று இறங்க, கூட்டுத்தொகை எப்பவும் 9தான்.

காரணம் ரொம்ப எளிது. 9ஐக் கூட்டுவது என்றால் 10ஐக் கூட்டி 1ஐக் கழிப்பது. பத்தைக் கூட்டினால் பத்தாம் இடம் ஒன்று ஏறும். ஒன்றைக் கழித்தால் ஒன்றாம் இடம் ஒன்று இறங்கும்.

வாய்பாடு மறந்துபோற சின்னப் பிள்ளைங்களுக்கு ஒரு விரல் வித்தை: இரண்டு கையையும் விரித்து வையுங்கள். 9 × 7 வேண்டுமா? இடப்பக்கத்திலிருந்து எண்ணி ஏழாவது விரலை மடக்குங்கள். மடக்கிய விரலுக்கு இடப்பக்கம் 6 விரல், வலப்பக்கம் 3 விரல். விடை 63. இதுவும் அதே காரணத்தால்தான் சரியாக வருது.

2. புளியங்கொட்டை சொல்லும் காரணம்

சரி, பெரிய எண்களுக்கு ஏன் இலக்கங்களைக் கூட்டினால் போதும்? இதைப் புளியங்கொட்டையை வைத்துப் பார்ப்போம்.

நம்மிடம் 4,527 புளியங்கொட்டை இருக்குன்னு வச்சுக்கோங்க. ஆயிரம் ஆயிரமாக 4 பை, நூறு நூறாக 5 பொட்டலம், பத்துப் பத்தாக 2 குவியல், உதிரியாக 7. இதை 9 பிள்ளைகளுக்குச் சமமாகப் பங்கு போடணும்.

பத்துக் கொட்டை உள்ள ஒரு குவியலை எடுங்க. ஆளுக்கு 1 கொடுத்தால் 1 மிச்சம்.

நூறு உள்ள ஒரு பொட்டலத்தைப் பிரிங்க. ஆளுக்கு 11 கொடுத்தால் 99 போச்சு, 1 மிச்சம்.

ஆயிரம் உள்ள ஒரு பையைக் கொட்டுங்க. ஆளுக்கு 111 கொடுத்தால் 999 போச்சு, இதிலும் 1 மிச்சம்!

பை, பொட்டலம், குவியல் எதைப் பிரித்தாலும் மிஞ்சுவது ஒரே ஒரு கொட்டை. அப்படின்னா 4 பையிலிருந்து 4, 5 பொட்டலத்திலிருந்து 5, 2 குவியலிலிருந்து 2, உதிரி 7. மொத்த மிச்சம் 4 + 5 + 2 + 7 = 18. இலக்கங்களைக் கூட்டுவது என்றால் இந்த மிச்சத்தைக் கூட்டுவதுதான்! அந்தப் பதினெட்டை ஆளுக்கு இரண்டாகக் கொடுத்துவிட்டால் மீதியே இல்லை. ஆகவே 4,527 வகுபடும். (ஆளுக்கு 503 கொட்டை. சரிபார்த்துக்கோங்க.)

கொட்டை 4,528 இருந்திருந்தால்? கூட்டுத்தொகை 19. 1 + 9 = 10. 1 + 0 = 1. மீதி 1. ஆக இந்த விதி வகுபடுமா, படாதா என்பதோடு நிற்காமல், எவ்வளவு மீதி வரும் என்பதையும் சொல்லிவிடுகிறது.

பிள்ளைகள் 9 பேருக்குப் பதில் 3 பேர் என்றாலும் இதே கதைதான். 9, 99, 999 எல்லாமே 3ஆலும் வகுபடும் இல்லையா? அதனால்தான் 3க்கும் 9க்கும் ஒரே மாதிரி விதி. 7க்கு ஏன் இந்த விதி இல்லை என்பதும் இப்பப் புரியும். பத்தை 7 பேருக்குக் கொடுத்தால் 3 மிச்சம், நூறைக் கொடுத்தால் 2 மிச்சம், ஆயிரத்தைக் கொடுத்தால் 6 மிச்சம். ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி!

பெட்டிச் செய்தி: தமிழில் 9ன் குறும்பு

20 இருபது, 30 முப்பது, 80 எண்பது. எல்லாம் "பது" என்று முடிகின்றன. 90 மட்டும் "ஒன்பது பது" என்று வராமல் தொண்ணூறு என்று "நூறு" சேர்ந்து வருகிறது. 800 எண்ணூறு. ஆனால் 900 வரும்போது தொள்ளாயிரம், உள்ளே "ஆயிரம்" வந்து உட்கார்ந்திருக்கிறது! 9க்கும் அப்படித்தான், "ஒன்பது" என்று பத்தின் வால் இருக்கிறது. தமிழில் ஒன்பதுக்குத் "தொண்டு" என்று ஒரு பழைய பெயரும் உண்டு. சொந்த வீட்டில் இருக்காமல் அடுத்த வீட்டு வாசலிலேயே நிற்கிற எண் இது. கணக்கிலும் அதன் பலம் அதுதான். 10க்கு ஒன்று குறைவு என்பதாலேயே இத்தனை வேலையும் செய்கிறது.

3. காவல் வேலை

இனி 9ஐக் காவலுக்கு நிறுத்துவோம்.

347 × 26 = 9,022 என்று பெருக்கி வச்சிருக்கீங்க. சரியான்னு தெரியணும். மறுபடி முழுசாகப் பெருக்க நேரமில்லை. இப்படிச் செய்யுங்க:

347ன் இலக்கங்கள்: 3 + 4 + 7 = 14, 1 + 4 = 5.
26ன் இலக்கங்கள்: 2 + 6 = 8.
இரண்டையும் பெருக்குங்க: 5 × 8 = 40, 4 + 0 = 4.
விடையின் இலக்கங்கள்: 9 + 0 + 2 + 2 = 13, 1 + 3 = 4.

4ம் 4ம் பொருந்திருச்சு! விடையை 9,122 என்று எழுதியிருந்தால் 14, அதாவது 5 வந்திருக்கும். "நில், தப்பு" என்று காவல்காரன் கத்தியிருப்பான்.

காரணம் என்ன? 347ஐ 9ஆல் வகுத்தால் மீதி 5. 26ஐ வகுத்தால் மீதி 8. பெருக்கும்போது ஒன்பதுகளாகச் சேர்ந்தவை எல்லாம் ஒன்பதின் மடங்காகவே போய்விடும். மீதியும் மீதியும் பெருகியதுதான் கடைசியில் மீதியாக நிற்கும்.

இது நேற்று முளைச்ச வித்தை இல்லை. இரண்டாம் ஆரியபட்டர் 10ஆம் நூற்றாண்டில் எழுதியதாகச் சொல்லப்படும் "மகாசித்தாந்தம்" என்ற நூலில் இந்தச் சரிபார்ப்பு முறை இருக்கிறது. இத்தாலி நாட்டு ஃபிபோனாச்சி 1202ல் எழுதிய "லிபர் அபாசி" என்ற புத்தகத்திலும் இருக்கிறது. அந்தப் புத்தகம்தான் இந்திய எண்களை ஐரோப்பிய வியாபாரிகளிடம் கொண்டு சேர்த்ததில் முக்கியமானது.

அந்தக் காலத்தில் இந்த முறை ஏன் அவ்வளவு தேவைப்பட்டது? நம் நாட்டில் பலகையில் மணலோ தூளோ பரப்பி விரலால் கணக்குப் போடுவார்கள். ஒரு படி முடிந்ததும் அழித்துவிட்டு அதே இடத்தில் அடுத்ததை எழுதுவார்கள். கடைசியில் விடை மட்டும்தான் மிஞ்சும். நடுவில் எங்கே தவறியது என்று திரும்பிப் பார்க்க வழியே கிடையாது. அதனால் விடையை மட்டும் வைத்தே சோதிக்க ஒரு முறை வேண்டியிருந்தது. நம்மிடம் பேப்பர் இருக்கு, அடித்தல் திருத்தல் எல்லாம் இருக்கு. ஆனா பரீட்சையில் கடைசி ஐந்து நிமிடம் நாமும் அவங்க நிலைமையில்தான் இருக்கோம்!

4. காவல்காரன் தூங்கும் இடம்

இப்ப ஒரு முக்கியமான எச்சரிக்கை. மேலே உள்ள கணக்குக்கு 9,202 என்று ஒருத்தர் விடை எழுதிட்டார்னு வச்சுக்கோங்க. இலக்கங்கள் 9 + 2 + 0 + 2 = 13, மீண்டும் 4. காவல்காரன் "சரி, போ" என்று விட்டுவிடுவான். ஆனால் விடை தப்பு!

ஏன் கோட்டை விட்டான்? இலக்கங்கள் இடம் மாறினாலும் கூட்டுத்தொகை மாறாதே! எந்த இலக்கம் எந்த இடத்தில் இருக்கு என்பது 9க்குத் தெரியாது. பை ஆனாலும் பொட்டலம் ஆனாலும் ஒரு கொட்டைதான் மிச்சம் என்று பார்த்தோமே, அதே காரணம்தான்.

ஆகவே இதை நினைவில் வைங்க. 9 "தப்பு" என்றால் நிச்சயம் தப்பு. 9 "சரி" என்றால், "அநேகமாகச் சரி" என்று மட்டும்தான் பொருள்.

5. தூங்கும் இடமே துப்பு சொல்லும்

இதிலே ஒரு வேடிக்கை. 73ஐ 37 என்று மாற்றி எழுதிட்டோம்னா வித்தியாசம் 36. 82ஐ 28 என்று எழுதினால் வித்தியாசம் 54. 41ஐ 14 என்று எழுதினால் 27. எல்லாம் 9ன் மடங்கு! இலக்கங்கள் இடம் மாறினால் 9ஆல் வகுக்கும்போது வரும் மீதி மாறாது. இரண்டு எண்ணுக்கும் ஒரே மீதி என்றால், ஒன்றிலிருந்து ஒன்றைக் கழிக்கும்போது மீதி அடிபட்டுப்போகும். மிஞ்சுவது 9ன் மடங்குதான்.

இன்னும் ஒன்று கவனிங்க. 73ல் 7 − 3 = 4. வித்தியாசம் 36 = 9 × 4. வித்தியாசத்தை 9ஆல் வகுத்தால், இடம் மாறிய இரண்டு இலக்கங்களுக்கு நடுவே எவ்வளவு தூரம் என்பதே தெரிந்துவிடும்!

கணக்குப் பிள்ளைகள் வேலையில் இது ரொம்பப் பயன்படும். எங்க தெருவில் நடந்ததைச் சொல்றேன்.

எங்கம்மா இருக்கிற மகளிர் குழுவில் 12 பேர். கூட்டத்தன்று ஒவ்வொருத்தரும் சேமிப்பும் கடன் தவணையும் சேர்த்துக் கட்டுவாங்க. ஒரு அக்கா நோட்டில் எழுதுவாங்க. பக்கத்து வீட்டு அத்தை பணத்தை வாங்கித் தகரப் பெட்டியில் வைப்பாங்க. ஒரு கூட்டத்தில் நோட்டுக் கணக்கு 5,480 ரூபாய். பெட்டியில் எண்ணினால் 5,210 ரூபாய். 270 ரூபாய் குறையுது! மூணு தடவை எண்ணியாச்சு, நாலு தடவை கூட்டியாச்சு. கூட்டலில் தப்பே இல்லை.

பணம் யார்கிட்ட இருந்துச்சு? அத்தைகிட்ட. யாரும் வாய்விட்டு ஒண்ணும் சொல்லலை. ஆனா பேச்சு நின்னுபோச்சு. "நான் என் கைக்காசைப் போட்டு அடைச்சிடறேன். இனிமே இந்தப் பெட்டி எனக்கு வேணாம்" என்று அத்தை கண் கலங்கிட்டாங்க. அடைச்சிருந்தால் கணக்கு நேராகியிருக்கும். ஆனா எடுத்தவங்க அவங்கதான்னு ஆகியிருக்கும் இல்லையா?

நான் 270ஐப் பார்த்தேன். 2 + 7 + 0 = 9. அம்மாகிட்ட நோட்டை வாங்கினேன். எழுதியிருந்த தொகைகள் இவை:

350, 420, 630, 280, 550, 410, 460, 350, 570, 480, 520, 460.

இப்ப நீங்களும் என்கூட யோசிங்க. கடைசி இரண்டு இலக்கம் இடம் மாறியிருந்தால் வித்தியாசம் அதிகபட்சம் 81தான் வரும். 270 வராது. முதல் இலக்கமும் கடைசி இலக்கமும் மாறியிருந்தால் வித்தியாசம் 99ன் மடங்காக இருக்கும். 270 அப்படி இல்லை. நூறாம் இடமும் பத்தாம் இடமும் மாறியிருந்தால் 90ன் மடங்கு. 270 = 90 × 3. பிடிச்சாச்சு! நோட்டில்தான் தொகை கூடுதல். அதனால் முதல் இலக்கம் இரண்டாவதைவிட 3 அதிகமாக இருக்கணும்.

பட்டியலில் அப்படி இருப்பது 630, 410, 520 மூன்றே மூன்று. (30ஐ 300 என்று எழுதினாலும் வித்தியாசம் 270 வரும். ஆனால் 300 என்ற தொகையே நோட்டில் இல்லை.)

அந்த மூணு பேருடைய பாஸ் புத்தகத்தை மட்டும் கொண்டுவரச் சொன்னேன். 410, 410தான். 520, 520தான். 630 என்று எழுதியிருந்தவங்க புத்தகத்தில் 360! "முந்நூத்தி அறுபது" என்று சொன்னது, சந்தடியில் "அறுநூத்தி முப்பது" என்று நோட்டில் ஏறிடுச்சு. 6ம் 3ம்தான் இரண்டிலும் இருக்கு, இடம்தான் வேற. எழுதின அக்கா அத்தை கையைப் பிடிச்சு வருத்தம் சொன்னாங்க. பெட்டி அத்தைகிட்டேயே இருக்கு.

இங்கே நல்லாக் கவனிக்க வேண்டியது, 9 யாரையும் குற்றவாளி, நிரபராதி என்று தீர்ப்புச் சொல்லலை. "இந்த இடத்தில் தேடு" என்று விரலை மட்டும் காட்டிச்சு. நிரூபித்தது பாஸ் புத்தகம்தான். வித்தியாசம் 9ன் மடங்காக இருந்தால் இடமாற்றமாக இருக்கலாம், ஒரு பூஜ்யம் கூடியோ குறைந்தோ இருக்கலாம், உண்மையிலேயே பணம் குறைந்தும் இருக்கலாம். ஆனால் 12 பேரையும் சந்தேகிப்பதைவிட மூணு வரியைப் பார்ப்பது மேல்!

6. இரண்டாவது காவல்காரன்: பதினொன்று

9 தூங்கும் இடத்தில் விழிச்சிருக்க ஒருத்தன் வேணும். அவன்தான் 11.

மறுபடியும் புளியங்கொட்டை. இப்ப 11 பிள்ளைகள். பத்துக் கொட்டைக் குவியலைக் கொடுத்தால் எல்லாருக்கும் ஒன்று கொடுக்க 1 குறையுது. நூறைக் கொடுத்தால் ஆளுக்கு 9 போக 1 மிச்சம். ஆயிரத்தைக் கொடுத்தால்? 1,001 = 11 × 91. ஆகவே ஆளுக்கு 91 கொடுக்க 1 குறையுது. மிச்சம், குறைவு, மிச்சம், குறைவு என்று மாறி மாறி வருது.

அதனால் 11க்கு, வலப்பக்கத்திலிருந்து இலக்கங்களைக் கூட்டி, கழித்து, கூட்டி, கழித்து வரணும். நம்ம கணக்கையே பார்ப்போம்:

347: 7 − 4 + 3 = 6.
26: 6 − 2 = 4.
பெருக்கினால் 24: 4 − 2 = 2.
9,022: 2 − 2 + 0 − 9 = −9. குறைவாக வந்தால் 11ஐக் கூட்டிக்கோங்க. −9 + 11 = 2. பொருந்துது!
9,202: 2 − 0 + 2 − 9 = −5. 11ஐக் கூட்டினால் 6. பொருந்தலை!

9 கோட்டை விட்டதை 11 பிடிச்சிருச்சு. பக்கத்துப் பக்கத்து இலக்கங்களில் ஒன்று கூட்டலில், ஒன்று கழித்தலில் இருப்பதால் இடம் மாறினால் இதுக்குத் தெரிஞ்சுடும். ஆனா ஓர் இடம் விட்டு அடுத்த இடத்துக்கு மாறினால் 11ம் தூங்கிவிடும். ஏன் என்று நீங்களே யோசிங்க!

7. நம் நூலகத்திலும் காவல்காரர்கள்

நூலகத்தில் 2007க்கு முன்னால் அச்சான புத்தகம் ஒன்றை எடுங்க. பின் அட்டையிலோ உள் பக்கத்திலோ ஐ.எஸ்.பி.என். என்று ஒரு பத்து இலக்க எண் இருக்கலாம். அது உலகம் முழுக்கப் புத்தகங்களுக்குக் கொடுக்கும் அடையாள எண். முதல் இலக்கத்தை 10ஆல், அடுத்ததை 9ஆல், அதற்கடுத்ததை 8ஆல் என்று பெருக்கிக்கொண்டே போய், கடைசி இலக்கத்தை 1ஆல் பெருக்கி எல்லாவற்றையும் கூட்டுங்கள். வரும் தொகை 11ஆல் மீதியின்றி வகுபடும். அப்படி வகுபடும்படியாகவே கடைசி இலக்கத்தை வைத்திருக்கிறார்கள். சில புத்தகங்களில் கடைசி இடத்தில் எண்ணுக்குப் பதில் எக்ஸ் என்ற ஆங்கில எழுத்து இருக்கும். அச்சுப்பிழை என்று நினைச்சுடாதீங்க! அந்த இடத்துக்கு 10 வேண்டியிருக்கு, ஆனால் ஓர் இலக்கம் எழுதத்தான் இடம் இருக்கு. ரோமானிய எண்ணில் 10க்கு அந்த எழுத்துதானே!

2007 ஜனவரி முதல் 13 இலக்க எண் வந்தது. அதில் இலக்கங்களை 1, 3, 1, 3 என்று மாற்றி மாற்றிப் பெருக்கிக் கூட்டினால் 10ஆல் வகுபடும். இதிலும் ஓர் ஓட்டை இருக்கு. பக்கத்துப் பக்கத்து இலக்கங்களுக்கு வித்தியாசம் சரியாக 5 என்றால் (1ம் 6ம் போல) இடம் மாறினாலும் இது கண்டுபிடிக்காது.

வீட்டில் இருக்கும் ஆதார் அட்டையிலும் 12 இலக்கத்தில் கடைசி இலக்கம் ஒரு காவல்காரன்தான். நெதர்லாந்துக் கணித அறிஞர் வெர்ஹோஃப் 1969ல் வெளியிட்ட முறைப்படி முந்தைய 11 இலக்கத்தை வைத்து அதைக் கண்டுபிடிக்கிறார்கள். ஓர் இலக்கம் தப்பாக இருந்தாலும், பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இடம் மாறினாலும் அது பிடித்துவிடும். (ஆதார் எண்ணை நோட்டிலோ சுவரிலோ எழுதி விளையாடாதீங்க. அது அவரவர் சொந்த எண்!)

8. ஒன்பதுக்கு மந்திர சக்தி உண்டா?

"9 ராசியான எண், அதான் இப்படி" என்று சிலர் சொல்வாங்க. அதையும் சோதித்துப் பார்த்துடலாம்.

நம்ம பாட்டிங்க நெல் அளந்த பழைய வாய்பாட்டில் 8 ஆழாக்கு 1 படி. 8 படி 1 மரக்கால். பத்துப் பத்தாகச் சேர்க்காமல் எட்டு எட்டாகச் சேர்க்கும் கணக்கு இது. இதில் 9ன் விதி செல்லுமா?

2 மரக்கால், 3 படி, 2 ஆழாக்கு நெல் இருக்கு. எண்களைக் கூட்டினால் 2 + 3 + 2 = 7. ஆழாக்கில் பார்த்தால் ஒரு மரக்கால் 64 ஆழாக்கு. ஆக 128 + 24 + 2 = 154 ஆழாக்கு. 154 = 7 × 22. அட, 7ஆல் வகுபடுது! 9ஆல் வகுத்துப் பாருங்க, மீதி 1 வரும்.

ஒரு படியை 7 பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு ஓர் ஆழாக்குப் போக 1 மிச்சம். ஒரு மரக்காலைப் பிரித்தால் ஆளுக்கு 9 ஆழாக்குப் போக 1 மிச்சம். ஆகவே மரக்கால் கணக்கில் காவல்காரன் 7! நாம் பத்துப் பத்தாக எண்ணுகிறோம், அதனால் நமக்கு 9. நமக்கு எட்டு விரல் மட்டும் இருந்து எட்டு எட்டாக எண்ணியிருந்தால், 7ஐத்தான் ராசி என்று சொல்லிக்கிட்டிருப்போம். மகிமை 9க்கு இல்லை, நாம் எண்ணும் முறைக்கு.

9. ஒரு வித்தை

நண்பனை நான்கு இலக்க எண் ஒன்று நினைக்கச் சொல்லுங்க. உதாரணம் 7,412. அதே இலக்கங்களைக் கலைத்து வேறு எண் எழுதட்டும்: 1,247. பெரியதிலிருந்து சிறியதைக் கழிக்கட்டும்: 6,165. அதில் பூஜ்யம் அல்லாத ஓர் இலக்கத்தை மறைத்துவிட்டு, மற்றதை எந்த வரிசையிலாவது சொல்லட்டும். "5, 6, 6" என்கிறானா? கூட்டினால் 17. அடுத்த ஒன்பதின் மடங்கு 18. "நீ மறைச்சது 1" என்று சொல்லி அசத்துங்க! கூட்டுத்தொகையே 9ன் மடங்காக இருந்தால் மறைத்தது 9. பூஜ்யத்தை ஏன் மறைக்கக் கூடாது என்று இப்பத் தெரியுதா?

வித்தையைக் காட்டிட்டு, ஏன் அப்படி வருதுன்னும் சொல்லிக் கொடுத்துடுங்க. காரணம் தெரியாத விதியை ஒப்பிக்கத்தான் முடியும். காரணம் தெரிஞ்சுட்டா, புத்தகத்தில் இல்லாத கணக்கு வந்தாலும் அதை நம்பி இறங்கலாம். எந்த இடத்தில் நம்பக் கூடாது என்பதும் தெரியும்.

யோசித்துப் பாருங்கள்!

1. 58,3▢4 என்ற எண் 9ஆல் வகுபட ▢ல் என்ன இலக்கம் வரும்?

2. 462 × 38க்கு ஒருத்தர் 17,456 என்கிறார், இன்னொருத்தர் 17,556 என்கிறார். பெருக்காமலே யார் விடை நிச்சயம் தப்பு என்று சொல்ல முடியுமா?

3. கடைக்கார அண்ணன் நோட்டில் 27, 84, 55, 63, 91 என்று ஐந்து வரவு எழுதியிருக்கிறார். கல்லாவில் 36 ரூபாய் குறைகிறது. ஓர் எண்ணில்தான் இலக்கம் இடம் மாறியிருக்கிறது என்றால் முதலில் எந்த வரியைப் பார்க்கணும்?

4. 1 × 9 + 2 = 11. 12 × 9 + 3 = 111. 123 × 9 + 4 = 1,111. அடுத்த இரண்டு வரிகளை எழுதுங்க. ஏன் எல்லாம் ஒன்றாகவே வருது?

விடைகளைக் காரணத்தோடு எழுதி, பெயரும் வகுப்பும் போட்டு, வகுப்பு ஆசிரியரிடம் கொடுங்கள். வெறும் விடை மட்டும் எழுதினால் பாதி மார்க்தான்! சரியான விடைகள் அடுத்த இதழில்.



இப்படிக்கு,
9ஆம் வகுப்பு, "ஆ" பிரிவு மாணவி
(எங்க வகுப்பு ஒன்பதாம் வகுப்பு என்பது தற்செயல்தான்!)